கழி எந்தக் கையில்?

என் பெரிய மாமாவுக்கு எழுபது வயது நிறைந்தது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டுவிடக் கூடாது. “சோற்றை எத்தனை முறை சாப்பிட்டாய் என்று கேட்பாயா?” என்று கோபித்துக்கொள்வார். நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரமாகச் சிவாஜியும், நாட்டியக்காரி மோகனாம்பாளாகப் பத்மினியும் நடித்து 1968-இல் வந்த படம் அது. மேலூர்ப் பக்கம் டூரிங் கொட்டகைக்கு அது வந்து சேர்ந்தபோது, முன்னால் இருப்பவன் தலை மறைக்கிறது என்று மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவர். அவருக்குப் பரிசு வாங்கத்தான் மதுரையில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பரப்பி வைத்தார். காபிக் குவளை, சாவிக்கொத்து, பனியன், தலையணை உறை. எல்லாவற்றிலும் ஒரே சிவாஜி, ஒரே பத்மினி. மோகனாம்பாள்மேல் தலை வைத்துத் தூங்க அத்தை சம்மதிக்க வேண்டுமே என்று அதை ஒதுக்கிவிட்டு, சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றை எடுத்தேன். சிவாஜி நாதஸ்வரத்தோடு, பக்கத்தில் பாலையா தவிலோடு. ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பேரம் பேசவில்லை, மாமாவுக்கல்லவா.

விழா வீட்டில் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கப் போகிறது என்று நினைத்தேன்.

“மாப்பிள்ளை, தவில்காரர் கழியை எந்தக் கையில் பிடிப்பார்?”

எனக்குத் தெரியவில்லை. பந்தல் ஓரத்தில் மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே கையைக் காட்டினார். தவில்காரரின் வலது கை விரல்களில் துணியும் பசையும் சுற்றி இறுகச் செய்த கூடுகள். கழி இடது கையில். சட்டத்துக்குள் பாலையா கழியை வலது கையில் வைத்திருந்தார். அச்சடித்தவர்கள் படத்தை இடவலமாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

இந்த வியாபாரத்தின்மேல் எனக்குக் கோபமே இதுதான். படத்தைப் பார்க்காதவர்கள் படத்தை விற்கிறார்கள். இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். வண்ணப் படம் அது. வண்ண ஒளிப்பதிவுக்காக கே.எஸ். பிரசாத் தேசிய விருதே வாங்கினார். அதைப் பழுப்பாக்கி, ஓரத்தில் கறை வரைந்து, ‘பழைய போஸ்டர்’ என்று விற்கிறார்கள். பட்டுப்புடவைக்குச் சாயம் போக்கி விற்பது போல.

பழையது வேண்டும் என்றால் பாட்டுப் புத்தகம் இருக்கிறது. தியேட்டர் வாசலில் சில காசுக்கு விற்றது. பாதி கதையைச் சொல்லிவிட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. தொட்டால் பொடியும் தாள், எழுத்துப் பிழைகள், பின்னட்டையில் அடுத்த படத்துக்கு விளம்பரம். இன்று அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி வைத்து, “பிரித்தால் விலை போய்விடும்” என்கிறார்கள். பாடுவதற்கு அச்சடித்த புத்தகத்தைப் பிரிக்கக் கூடாதாம். இசைத்தட்டு வாங்கிச் சுவரில் மாட்டுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. சிவாஜி வாயில் வைத்த நாதஸ்வரத்தில் நாம் கேட்பது நம் ஊர்க்காரர்களின் மூச்சு. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. ‘நலந்தானா’ என்று சுசீலாவின் குரல் கேட்கிறபோது பதில் சொல்வது அவர்கள்தான். படத்தில் வெள்ளைக்காரர்களை வாய்பிளக்க வைக்கும் இங்கிலீஷ் நோட்டும், அந்த மேற்கத்திய மெட்டும், அவர்களுடைய வாசிப்புதான். சிவாஜியின் கன்னம் உப்புவதும், புருவம் ஏறுவதும், விரல் ஓடுவதும் அந்த வாசிப்புக்கு அச்சாகப் பொருந்துவது அவருடைய மேதைமை, மறுக்கவில்லை. ஆனால் மதுரையிலேயே விற்கும் ஒரு குவளையில்கூட அந்த இருவர் முகம் இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். “யார் சார் அவர்கள்?” என்றார்.

விசேஷங்களுக்குச் செண்டை மேளம் வைத்துவிட்டு, வரவேற்பறையில் சண்முகசுந்தரம் படத்தை மாட்டுகிறவர்களையும் எனக்குத் தெரியும். அந்தப் படத்தின் ரசிகருக்குப் பரிசு கொடுக்க நினைத்தால், ஒரு நல்ல நாதஸ்வரச் செட்டை அழைத்து, கல்யாணப் பேச்சுச் சத்தம் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள். சன்மானத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மாமாவுக்கு வேறொன்று செய்தேன். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்தான் படமானது. கோபுலு ஓவியங்களோடு வந்த அந்தப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து அம்மாச்சி பைண்டு செய்து வைத்திருந்தார். முதுகு பிய்ந்து, நூல் தொங்கி, மாமாவின் பீரோவில் கிடந்தது. பைண்டு செய்பவரிடம் கொண்டுபோய், ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். ஓரமெல்லாம் அம்மாச்சி பென்சிலில் எழுதிய பால் கணக்கு. சண்முகசுந்தரமும் மோகனாவும் சண்டை போடும் பக்கத்தில், ‘செவ்வாய் பால் இல்லை’ என்று இருக்கிறது. கூலி முந்நூற்று ஐம்பது ரூபாய். மாமா அதை வாங்கி, கோபுலு பக்கங்களைத் தாண்டி, நேராகப் பால் கணக்கைத்தான் தேடினார்.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ப் படத்தையும் அவர் தூக்கிப் போடவில்லை. நிலைக்கண்ணாடிக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பி நிறுத்துகிறார்.

“அங்கே பார்க்காதே, இங்கே பார். இப்போது கழி சரியான கையில் இருக்கிறதா?”