மூங்கில் பூத்ததில் தொடங்கிய சண்டை

போன வாரம் ஒரு இயற்கை அங்காடியில் மூங்கிலரிசி வாங்கினேன். "மூங்கில் பூத்தா ஊருக்கு ஆகாதும்பாங்க சார்" என்றார் கடைக்காரர். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வழியெல்லாம் மிசோரம்தான் மனதில் ஓடியது. அங்கே மூங்கில் பூத்ததில் இருபது வருடச் சண்டையே வந்தது.

அந்த மலைகளில் மண்டிக்கிடக்கும் மூங்கில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறை காடு முழுக்க ஒன்றாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும். காய் நம் மூங்கிலரிசி மாதிரிப் பொடிசு இல்லை, பேரிக்காய் அளவு இருக்கும். அதைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் அத்தனை எலியும் நெல்லுக்கு வரும். விடிந்து பார்த்தால் வயல் மொட்டையாகக் கிடக்கும். இதற்கு மிசோக்கள் வைத்த பெயர் மவ்தாம், அதாவது மூங்கில் சாவு. 1911-12இல் ஒருமுறை பார்த்தவர்கள் என்பதால் அடுத்தது எப்போது என்று பெரியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அப்போது மிசோரம் அசாமின் ஒரு மாவட்டம். 1958இல் மாவட்டக் கவுன்சில் முன்னேற்பாட்டுக்கு 15 லட்சம் ரூபாய் கேட்டது. மூங்கில் பூத்தால் பஞ்சமா, மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று அசாம் அரசு தள்ளிவிட்டது. மறு வருடமே பஞ்சம் வந்தது.

வறுமை இருந்தால் கிளர்ச்சி வரும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வறுமை எங்கேதான் இல்லை? பசித்தவர்கள் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போவார்கள், இல்லை பேசாமல் சாவார்கள். துப்பாக்கி தூக்க மாட்டார்கள். அதற்கு முன்பே ஓர் அமைப்பு தயாராக இருக்க வேண்டும். மிசோ மலையில் அதைத் தயார் செய்தது அரிசி மூட்டை.

லால்டெங்கா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர், பிறகு மாவட்டக் கவுன்சிலில் குமாஸ்தா. அவர் இருந்த கலாச்சாரச் சங்கம் 1960இல் மிசோ தேசியப் பஞ்ச முன்னணியாக மாறியது. இளைஞர்கள் சாலையே இல்லாத கிராமங்களுக்கு அரிசியை முதுகில் சுமந்து போனார்கள். எந்த ஊரில் யார் நம்பகமானவர், எந்தப் பாதை எங்கே போகும், யார் சொன்னால் ஊர் கேட்கும், எல்லாம் அத்துப்படி ஆனது. 1961 அக்டோபரில் பெயரிலிருந்து 'பஞ்சம்' என்ற சொல்லை மட்டும் எடுத்தார்கள். மிசோ தேசிய முன்னணி பிறந்தது.

இடையில் 1960இல் அசாமியை ஆட்சிமொழியாக்கினார்கள். அது எப்படி எரிந்திருக்கும் என்று 1965ஐப் பார்த்த நமக்கு யாரும் விளக்க வேண்டாம். அப்புறம் மிசோ வீரர்கள் நிறைய இருந்த அசாம் ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியனைக் கலைத்தார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்களை வேலையில்லாமல் ஊருக்கு அனுப்புவதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா?

எல்லாம் அந்நியச் சதி என்பவர்களுக்கும் பாதி மதிப்பெண் தரலாம். கிழக்கு பாகிஸ்தான் வழியாக ஆயுதமும் பயிற்சியும் வந்தது உண்மை. ஆனால் பாகிஸ்தான் வந்தபோது அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. லால்டெங்காவும் ஒன்றும் அப்பாவி இல்லை. அடுப்பைப் பார்த்து உலை வைத்தவர்தான். தனி மாநிலம் மட்டும் கேட்ட மிசோ யூனியன் கட்சிக்காரர்களும் அதே மலையில்தான் இருந்தார்கள்.

1966 பிப்ரவரி 28 இரவு அரசு நிலைகள்மீது முன்னணியின் தாக்குதல், மார்ச் 1 சுதந்திரப் பிரகடனம். மார்ச் 5இல் மாவட்டத் தலைநகர் அய்ஸ்வால் மீது விமானப்படை குண்டு போட்டது. சொந்த மக்கள்மீது இந்தியா விமானத்திலிருந்து குண்டு போட்டது அந்த மார்ச்சில்தான். அடுத்த வருடம் கிராமங்களைக் காலி செய்து சாலையோர முகாம்களில் அடைத்தார்கள். அதுவரை எந்தப் பக்கமும் சேராதவன்கூட வீடு எரிவதைப் பார்த்தபின் என்ன செய்வான்?

1986 ஜூன் 30இல் மத்திய அரசோடு ஒப்பந்தம் ஆனது. லால்டெங்கா முதல்வரானார், மறு வருடம் மாநிலமும் கிடைத்தது. சரி, அந்த 15 லட்சத்தை 1958இலேயே கொடுத்திருந்தால்? எல்லாமே நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். மொழிப் பிரச்சினை எப்படியும் வந்திருக்கும். ஆனால் அரிசியோடு ஊர் ஊராகப் போனது அரசாங்கமாக இருந்திருக்கும்.

2007 வாக்கில் மறுபடி பூத்தது. அப்போது முதல்வர், லால்டெங்காவோடு தலைமறைவாக இருந்த சோரம்தங்கா. அவருடைய அரசு மூங்கில் பூக்கும்வரை காத்திருக்கவில்லை. எலியைக் கொன்று வாலைக் கொண்டுவந்தால் வாலுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. ஜனங்களும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.