இரண்டு கோப்பை ஜெயித்தும் மூடப்பட்ட கிளப்

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி கரன்ட் என்ற பெண்கள் கால்பந்து கிளப்பைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் 2024 மார்ச் 16-ல்தான் ஆரம்பிக்கிறார்கள். மிசூரி ஆற்றங்கரையில் 11,500 பேர் உட்காரும் சிபிகேசி ஸ்டேடியம் திறந்த நாள் அது. பெண்கள் தொழில்முறைக் கால்பந்து அணிக்கென்றே கட்டப்பட்ட முதல் ஸ்டேடியம். முதல் ஆட்டத்திலேயே போர்ட்லாண்ட் தார்ன்ஸை 5-4 என்று ஜெயித்தார்கள். கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் இதே ஊரில் இதற்கு முன்னால் ஒரு பெண்கள் அணி இருந்தது, அடுத்தடுத்து இரண்டு முறை சாம்பியன் ஆனது, அதன்பின் இரண்டே வருடத்தில் இழுத்து மூடப்பட்டது. அதைச் சொல்லாமல் ஸ்டேடியத்தை மட்டும் புகழ்ந்தால், அப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதே புரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் கால்பந்து கிளப்பைக் கோப்பை காப்பாற்றாது. நட்சத்திர வீராங்கனைகளும் காப்பாற்ற மாட்டார்கள். ஆடும் இடம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அதன் ஆயுளை முடிவு செய்கிறது. கான்சஸ் சிட்டி அளவுக்கு இதைத் தெளிவாகக் காட்டும் ஊர் வேறு இல்லை.

அமெரிக்காவில் அதற்கு முன் இரண்டு பெண்கள் லீக்குகள் நொடித்துப்போயிருந்தன. மூன்றாவதாக 2013-ல் எட்டு அணிகளோடு என்.டபிள்யூ.எஸ்.எல். (தேசியப் பெண்கள் கால்பந்து லீக்) தொடங்கியபோது, நான் சொன்ன அந்தப் பழைய அணியான எஃப்சி கான்சஸ் சிட்டி அதில் ஒன்று. செலவைக் கட்டுக்குள் வைப்பதே லீக்கின் முதல் கவலை. ஒரு அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 2 லட்சம் டாலர். ஒரு வீராங்கனைக்குக் குறைந்தது 6,000, அதிகபட்சம் 30,000. சீசனுக்கு 6,000 டாலர் என்றால் வாடகைக்கே காணாது. பலர் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கித்தான் ஆடினார்கள். தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அவரவர் நாட்டுச் சம்மேளனம் கொடுத்தது, அது உச்சவரம்பில் சேராது. லாரன் ஹாலிடே, பெக்கி சாவர்பிரன், கோல்கீப்பர் நிக்கோல் பார்ன்ஹார்ட், கனடாவின் டெசிரே ஸ்காட் எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவர்கள். பயிற்சியாளர் விளாட்கோ அண்டோனோவ்ஸ்கி, மாசிடோனியாவிலிருந்து வந்து அமெரிக்க உள்ளரங்கக் கால்பந்தில் ஆடியவர்.

ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2014 இறுதிப்போட்டியில் சியாட்டில் ரெயினை அவர்கள் பகுதியிலேயே, டக்விலாவில், 2-1 என்று தோற்கடித்தார்கள். இரண்டு கோலும் ஏமி ரோட்ரிகஸ், இரண்டுக்கும் பாஸ் கொடுத்தவர் ஹாலிடே. நடுக்களத்தில் பந்தை வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, பின்வரிசைக்கு நடுவே அனுப்புவதில் அந்த லீக்கில் அவருக்கு நிகரானவர் அப்போது இல்லை. 2015-ல் போர்ட்லாண்டில் நடந்த இறுதிப்போட்டியில் அதே சியாட்டில், 1-0, மறுபடி ரோட்ரிகஸ். அத்தோடு ஹாலிடே ஓய்வு பெற்றார். அவருடைய 12-ஆம் எண் சட்டையை இனி யாரும் அணிவதில்லை என்று கிளப் அறிவித்தது.

இனி மைதானத்துக்கு வருவோம். 2013-ல் ஓவர்லாண்ட் பார்க்கில் ஒரு பள்ளி மாவட்டத்தின் ஸ்டேடியம். 2014-ல் பல்கலைக்கழக மைதானம். 2015 முதல் ஸ்வோப் சாக்கர் வில்லேஜ், சுமார் 3,500 இருக்கை. மூன்றும் அடுத்தவருடையவை. முதலாவது கான்சஸ் மாநிலத்தில், மற்ற இரண்டும் மிசூரியில். (அந்த நகர்ப்பகுதி இரண்டு மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் வழக்கமாக வருபவர்களில் ஒரு பகுதி கழன்றுகொள்ளும்.)

குடித்தனக்காரராக இருக்கும் கிளப்பின் கணக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள். தேதி முதலில் மைதானச் சொந்தக்காரருக்கு, மிச்சம்தான் உங்களுக்கு. சனி இரவு கிடைக்காமல் புதன் மாலை கிடைத்தால் குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் வராது. பார்க்கிங், சாப்பாடு, பீர் வருமானம் பெரும்பாலும் சொந்தக்காரருக்கே போகும். நிரந்தர விளம்பரப் பலகை வைக்க முடியாது, ஸ்டேடியத்தின் பெயரை விற்க முடியாது. ஆகவே கையில் நிற்பது டிக்கெட்டும் சட்டை விற்பனையும்தான். டிக்கெட்டுக்கும் இருக்கை எண்ணிக்கையே கூரை. 3,500 இருக்கையில் எத்தனை கோப்பை ஜெயித்தாலும் 3,501-வது டிக்கெட்டை விற்க வழியில்லை. உண்மையில் அதுவும் நிரம்பவில்லை. 2017-ல் சராசரிக் கூட்டம் இரண்டாயிரத்தைத் தொடவில்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் மினியாபொலிஸைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் கிளப்பை வாங்கியிருந்தார். நவம்பரில் எல்லாம் முடிந்தது. வீராங்கனைகளின் ஒப்பந்தங்கள் அப்படியே யூட்டா ராயல்ஸ் என்ற புதிய அணிக்குப் போயின. பெயர், நிறம், இரண்டு கோப்பை, அந்த 12-ஆம் எண், எதுவும் போகவில்லை. ஒப்பந்தம் லீக்கோடு என்பதால் வீராங்கனையை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாற்றுவது சுலபமாக இருந்தது. (2024-ல் போட்ட தொழிற்சங்க ஒப்பந்தத்தின்படி, இப்போது சம்மதம் கேட்காமல் வீராங்கனையை இன்னொரு அணிக்கு மாற்ற முடியாது. அது ஏன் வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாறே பதில்.)

யூட்டாவில் ஸ்டேடியம் பெரியது, இருபதாயிரம் இருக்கை, முதல் சீசனில் சராசரியாக 9,000-க்கு மேல் கூட்டம். ஆனால் 2020-ல் உரிமையாளர் டெல் லாய் ஹேன்சன் இனவெறிப் புகார்களில் சிக்கி விற்க வேண்டியதாயிற்று. டிசம்பரில் அதே ஒப்பந்தங்கள் திரும்பவும் கான்சஸ் சிட்டிக்கு, ஏஞ்சி லாங், கிறிஸ் லாங், பிரிட்டனி மஹோம்ஸ் ஆகிய புது உரிமையாளர்களின் கைக்கு வந்தன.

இதுதான் இன்றைய கரன்ட். 2021 சீசனில் இந்தப் புது அணிக்குப் பெயர்கூட முடிவாகவில்லை. லெஜன்ட்ஸ் ஃபீல்ட் என்ற பேஸ்பால் மைதானத்தில் ஆடி, கடைசி இடத்தில் முடித்தார்கள். பேஸ்பால் மைதானத்தில் கால்பந்துக் கோடு போடுவது எப்போதும் தொல்லை. விசிறி வடிவ இடத்தில் செவ்வகத்தைத் திணிக்க வேண்டும், மண் பகுதி களத்துக்குள் வந்துவிடும், இருக்கைகள் எல்லாம் ஒரு மூலையைப் பார்த்து இருக்கும். 2016-ல் ராச்செஸ்டரில் இதே லீக்கின் ஒரு ஆட்டத்தைப் பேஸ்பால் மைதானத்தில் வைத்தபோது களத்தின் அகலம் 58 கெஜம்தான் வந்தது. லீக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் கழித்து ஒரு அணியைப் பேஸ்பால் மைதானத்துக்கு அனுப்பியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

புது உரிமையாளர்கள் செய்த சரியான காரியம், தோற்றுக்கொண்டிருக்கும்போதே கட்ட ஆரம்பித்தது. கடைசி இடத்தில் முடித்த அந்த வருடமே ஸ்டேடியத் திட்டத்தை அறிவித்துவிட்டார்கள். 2022-ல் ரிவர்சைடில் 1.8 கோடி டாலரில் பயிற்சி மையம் திறந்தது. ஆற்றங்கரையில் துறைமுக ஆணையத்திடம் சுமார் 7 ஏக்கரை 50 வருடக் குத்தகைக்கு எடுத்து, ஏறத்தாழ 12 கோடி டாலரில், பெரும்பாலும் தனியார் பணத்தில் ஸ்டேடியம் எழுந்தது. நிலம் சொந்தமில்லை, ஆனால் ஆட்ட அட்டவணையும், பெயர் விற்கும் உரிமையும், உணவுக் கடையும் கிளப் கையில். 2024 சீசன் டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. பார்க்கிங்கைத்தான் சரியாக யோசிக்கவில்லை, முதல் சீசனிலேயே புகார் கிளம்பியது.

ஸ்டேடியம் கோப்பை வாங்கித் தரும் என்று நான் சொல்லவில்லை. இவர்கள் ஆடிய ஒரே லீக் இறுதிப்போட்டி 2022-ல், இரவல் மைதானக் காலத்தில். போர்ட்லாண்டிடம் 2-0 தோல்வி. சொந்த வீட்டுக்கு வந்து, மலாவியின் டெம்வா சாவிங்கா 2024-ல் 20 கோல் அடித்துச் சாதனை படைத்தும் அரையிறுதியில் ஆர்லாண்டோவிடம் வெளியேறினார்கள். 2025-ல் 65 புள்ளி, லீக் வரலாற்றிலேயே அதிகம், முதலிடத்துக்கான ஷீல்டும் கிடைத்தது. காலிறுதியில் எட்டாம் இடத்திலிருந்து வந்த கோதம் அணியிடம் கூடுதல் நேரத்தில் 2-1 தோல்வி. ஆனால் இந்தத் தோல்விகளால் கிளப் மூடப்படும் என்று யாரும் பயப்படவில்லை. பழைய கிளப்புக்கு 2015-ல் ஜெயித்தும் அந்தப் பயம் போகவில்லை.

இப்போது ரசிகர்களுக்குள் ஓடும் வாதம்: 2014, 2015 கோப்பைகளைக் கரன்ட் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா? கூடாது என்பேன். வேறு நிறுவனம், வேறு பணம், இடையில் மூன்று வருட இடைவெளி. லீக் அவற்றை எஃப்சி கான்சஸ் சிட்டியின் பெயரிலேயே வைத்திருப்பது சரி. ஆனால் ஆட்கள் வழியாகத் தொடர்ச்சி இருக்கிறது. லோயோ லபோன்டா 2016-ல் ஸ்வோப்பில் ஆடியவர், யூட்டாவுக்குப் போய்த் திரும்பி வந்து இன்று கரன்டின் கேப்டன். டெசிரே ஸ்காட்டும் மூன்று அணிச் சட்டையும் போட்டவர். அண்டோனோவ்ஸ்கி, அமெரிக்கத் தேசிய அணியை 2023 உலகக் கோப்பையில் நடத்திவிட்டு, அதே ஊருக்குப் பயிற்சியாளராகவே திரும்பினார். எனவே கணக்கில் சேர்க்காமலே அந்த ஸ்டேடியத்தின் ஒரு சுவரில் பழைய கிளப்பின் பெயரையும், இரண்டு ஆண்டுகளையும், ஹாலிடேயின் எண்ணையும் எழுதி வைக்கலாம். சுவர் கிளப்பினுடையது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.