அமெரிக்க வேகன் கணக்கும் நம் மலை ரயிலும்

"அமெரிக்காவில் சரக்கு வேகன் பழுதை வெளியாட்களிடம் விட்டு ரயில் கம்பெனிகள் பாதிச் செலவை மிச்சம் பிடித்தன, ஊட்டி ரயிலையும் அப்படி விடலாம்" என்று குன்னூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அந்தக் கணக்கு சரியில்லை.

அங்கே பெரும்பாலான வேகன்கள் ரயில் கம்பெனிகளுடையவையே அல்ல. வாடகைக்கு விடும் நிறுவனங்களும் சரக்கு அனுப்புவோரும் வாங்கி வைத்தவை. வழியில் பிரேக் கட்டை தேய்ந்தால், இழுத்துப்போகும் கம்பெனி மாற்றிவிட்டு உரிமையாளருக்கு பில் அனுப்பும். இது அமெரிக்க ரயில்பாதைகள் சங்கத்தின் பரிமாற்ற விதிகளிலேயே (ஒருவருடைய வேகன் இன்னொருவர் பாதையில் ஓடுவதற்கான விதிகள்) இருக்கிறது. செலவு மறையவில்லை, பாக்கெட் மாறுகிறது. பட்டறை வரை கொண்டுபோகும் கூலியும் வேகன் சும்மா நிற்கும் நஷ்டமும் தனி.

நம் ரயிலோ மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்), கல்லாறு முதல் குன்னூர் வரை பாதை நடுவே உள்ள பல் பட்டையைப் பிடித்து ஏறும் பல்சக்கரம். இதன் பெரிய பராமரிப்பு திருச்சி பொன்மலை ரயில் பட்டறையில் நடக்கிறது. இதற்கு வெளியே மெக்கானிக் கடை ஏது? அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.