சர்ச்சிலை காப்பாத்தினது ஃப்ளெமிங் இல்லைங்க

சின்ன வயசுல தண்ணில மூழ்கப்போன சர்ச்சிலை (பின்னாடி பிரிட்டிஷ் பிரதமரானவர்), பெனிசிலினைக் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கோட அப்பா காப்பாத்தினாராம், நன்றிக்கடனா சர்ச்சில் அப்பா ஃப்ளெமிங்கை டாக்டருக்கு படிக்க வச்சாராம், அப்புறம் இரண்டாம் உலகப் போர் நேரத்துல அதே ஃப்ளெமிங்கோட பெனிசிலின் சர்ச்சில் உயிரை காப்பாத்துச்சாம். வாட்ஸ்அப்ல இது திரும்பத் திரும்ப வருது. தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, இது கட்டுக்கதை.

ஃப்ளெமிங்குக்கு 7 வயசு இருக்கும்போதே அவர் அப்பா இறந்துட்டார். லண்டன் வந்து ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸ்ல கிளார்க்கா நாலு வருஷம் வேலை பார்த்தார், அப்புறம் அவர் அப்பாவோட சகோதரர் விட்டுட்டுப்போன சொத்துல வந்த பணமும் ஸ்காலர்ஷிப்பும் வச்சுதான் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவக் கல்லூரில படிச்சார், சர்ச்சில் குடும்பத்துப் பணம் ஒரு பைசா கிடையாது.

1943 டிசம்பர்ல டெஹ்ரான் மாநாடு முடிஞ்சு திரும்புற வழியில துனிசியாவுல சர்ச்சிலுக்கு நிமோனியா வந்தது உண்மை, நிலைமை மோசமாவும் இருந்துச்சு, ஆனா குடுத்தது பாக்டீரியாவ எதிர்க்கிற சல்ஃபா வகை மருந்து, பெனிசிலின் இல்ல.

சர்ச்சில் வாழ்க்கைக்கு கற்பனை தேவையே இல்லைங்க. 1896ல பெங்களூர் வந்து இறங்கின குதிரைப்படை ஆபீசர், 1898ல சூடான்ல ஆம்டுர்மன் போர்ல சண்டை போட்டார், 1899ல தென்னாப்பிரிக்காவுல டச்சு வம்சாவளியான போயர்கள்கிட்ட பிடிபட்டு பிரிட்டோரியா சிறையிலேர்ந்து தப்பிச்சார். முதல் உலகப் போர்ல துருக்கியோட கலிபோலில ஏற்பட்ட தோல்விக்கு அப்புறம் மந்திரி பதவிய விட்டுட்டு 1916ல பெல்ஜியத்துல ஒரு பட்டாலியனுக்கு தலைமை தாங்கினார். அதே போர்ல ஃப்ளெமிங் பிரான்ஸ்ல ராணுவ டாக்டரா காயம்பட்டவங்களோட புண்கள ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார்.