பிளவுண்ட மலையும் பேரேடும்

எங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் பாடத் தொடங்குமுன் ‘பாட்டு பிறந்த கதை’ சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் காதில் விழும் கதைகளில் பல, யாரோ ஜோடித்தவை. ஆலயத்தில் நின்று கட்டுக்கதை சொல்லித்தான் கண்ணீர் வரவழைக்க வேண்டுமா?

‘ராக் ஆஃப் ஏஜஸ்’ என்ற ஆங்கிலப் பாட்டின் தமிழ் வடிவமான ‘பிளவுண்ட மலையே’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிய அகஸ்டஸ் டாப்லேடி என்ற ஆங்கிலேயப் போதகர் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் புயலில் சிக்கி, ஒரு பாறைப் பிளவில் ஒதுங்கினாராம். கையில் அகப்பட்ட சூதாட்டச் சீட்டின் மேல் அங்கேயே பாட்டை எழுதினாராம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் வந்தால் இந்தக் கதையிலிருந்து தப்ப முடியாது. போதகர் கையில் சீட்டு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை! டாப்லேடி இறந்து வெகுகாலம் கழித்துக் கிளம்பிய பேச்சு அது.

நடந்தது இதைவிடச் சுவையானது. 1776 மார்ச்சில், தாம் ஆசிரியராக இருந்த பத்திரிகையில் இங்கிலாந்தின் தேசியக் கடனைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாட்டின் கடனை எப்படி அடைப்பது என்று தொடங்கிய பேச்சு, மனிதனின் பாவக் கடனுக்குத் தாவுகிறது. நொடிக்கு ஒரு பாவம் என்று வைத்து மனிதர் கணக்குப் போடவே உட்கார்ந்துவிட்டார். எண்பது வயது வரை வாழ்ந்தவன் தலையில் 252 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம் பாவங்கள்! பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. இந்தக் கடனை எவனாலும் தீர்க்க முடியாது என்று கையை விரித்த இடத்தில்தான் பாட்டை அச்சிட்டார்.

வட்டியும் பேரேடும் ஐந்தொகையுமாக வாழ்ந்த இந்த மண்ணில் இதை விளக்கவும் வேண்டுமா? அசலில் ஒரு காசும் அடையாத பற்று எப்படியிருக்கும் என்பது எங்கள் ஊர்த் திண்ணைக்கே தெரியும். வெறுங்கையோடு வந்து நிற்கிறேன் என்று அந்த ஆங்கிலப் பாட்டில் ஒரு வரி வருகிறது. கடன்பட்டவன் வாய்விட்டுச் சொல்லும் பேச்சு அது. புயல் கதையைச் சொன்னால் இந்த வரி வெறும் அலங்காரமாகிப்போகிறது.

‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆங்கிலப் பாட்டின் கதையும் இப்படித்தான். 1748இல் கடலில் புயல், கப்பலில் இருந்த ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன் அழுதார், மனம் மாறினார், பாட்டு பிறந்தது என்று முடித்துவிடுகிறார்கள். அந்தப் புயலுக்குப் பிறகும் அவர் அடிமைகளை ஏற்றிய கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார்; 1754இல்தான் கடலை விட்டார். பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது. அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் நூல் வெளியிட்டது 1788இல். இத்தனை ஆண்டுத் தாமதத்தை மறைப்பானேன்? அதில்தானே பிரசங்கம் இருக்கிறது.

இதில் இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. சோமர்செட் பாறையைக் கண்ணால் பார்த்ததுபோல் வர்ணிப்பவர்களுக்குத் தஞ்சாவூர் தெரியவில்லை. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் அதே சுவார்ட்ஸிடம் பாடம் கேட்டவர்தான். சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் தேவமோகினி கிறிஸ்துவின் மேல் காதல் கொள்கிறாள், அவளுக்குக் குறி சொல்ல வரும் குறத்தியின் பெயர் விசுவாசம். குறி கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்குக் கோனார் உரை வேண்டாம். கீர்த்தனையைப் பாடுகிறோம், பாடியவரை மறந்துவிடுகிறோம்.

வரும் லெந்து காலத்தில் மைக்கைப் பிடிப்பவர்கள் அந்தச் சீட்டைக் கீழே போட்டுவிட்டு, இந்தக் கணக்கையும் குறத்தியையும் பற்றிப் பேசட்டும். ஐந்து நிமிடம் போதும்.