களிம்பை விட்டுவிடாதீர்கள்
குழந்தையின் ரத்தக்குழாயில் ஊசி குத்தும்போது விஆர் கண்ணாடி (கண்ணை மூடி மாட்டி, உள்ளே படம் காட்டும் கருவி) மாட்டினால், தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பே வேண்டாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. கண்ணாடி கவனத்தைத்தான் திருப்பும், தோலை மரக்கச் செய்யாது. லிடோகெய்ன்-பிரிலோகெய்ன் களிம்பைத் தடவி, மேலே ஒட்டுப்போட்டு 60 நிமிடம் விட வேண்டும். ஊட்டி, கோத்தகிரி குளிரில் ரத்தக்குழாய் ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும், களிம்பும் கொஞ்சம் சுருக்கும். அதனால் களிம்பைத் துடைத்துவிட்டு, குழாய் விரிய வெதுவெதுப்பான துணியைச் சுற்றுங்கள். (மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, உங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சுற்றுங்கள்.) ஊசி குத்தக் கையில் ரப்பர் பட்டை கட்டுவதற்கு 2, 3 நிமிடம் முன்பே கண்ணாடியை மாட்டிவிடுங்கள், ஊசியைப் பார்த்து அழ ஆரம்பித்த பிள்ளைக்கு எந்தப் படமும் ஏறாது. லென்ஸ் சில்லென்று இருந்தால் மூச்சு பட்டதும் மங்கிவிடும். தலையைத் திருப்ப வைக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம், கையும் சேர்ந்து அசையும். மூன்று வயதுக் குழந்தைக்கா? அந்தத் தலையில் கண்ணாடி நிற்காது. அம்மா மடியில் உட்காரவைத்து சோப்புக் குமிழி ஊதுங்கள்.