சாமான் அறையில் ஒரு ஜீயஸ்

கிரேக்கக் கடவுள் என்றாலே மின்னலைக் கையில் பிடித்த தாடிக்காரரும் பளிங்குத் தூணும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது, சினிமாவும் வீடியோ கேமும் பண்ணின வேலை அது. பழங்கால ஏதென்ஸில் ஒரு சாதாரண வீட்டுக்காரரிடம் போய், கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான ஜீயஸ் எங்கே என்று கேட்டிருந்தால் மலை உச்சியைக் காட்டுவதற்கு முன்னால் சாமான் அறையைக் காட்டியிருப்பார். இரண்டு கைப்பிடி வைத்த ஒரு ஜாடி, கைப்பிடியில் வெள்ளைக் கம்பளி சுற்றியிருக்கும், உள்ளே சுத்தமான தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகைப் பழங்கள். அதுதான் ஜீயஸ் க்டேசியோஸ், வீட்டுச் சொத்தைக் காக்கிற சாமி. முற்றத்துப் பலிபீடத்தில் இருப்பவரும் ஜீயஸ்தான், ஆனால் அவர் வேலியைக் காக்கும் ஹெர்கேயோஸ். ஒரே பெயர்தான், ஆளுக்கொரு வேலை, தனித்தனிப் படையல்.

பல தெய்வ வழிபாடு என்றவுடன் "எத்தனை கடவுளை நம்பினார்கள்" என்று எண்ண ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். அங்கே கேள்வியே வேறு. ஏதென்ஸில் அர்க்கோன் என்ற உயர் அதிகாரி பதவிக்குத் தேர்வான ஆளைப் பதவியில் உட்கார வைக்கும் முன் விசாரிப்பார்கள்: அப்பா யார், தாத்தா யார், உன் குலத்து அப்போலோவும் ஹெர்கேயோஸும் உண்டா, அந்தக் கோயில்கள் எங்கே இருக்கின்றன? நம்புகிறாயா என்று கேட்கவில்லை பாருங்கள், எங்கே என்றுதான் கேட்டார்கள்.

பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரோன் என்பவர் இறந்துபோய் சொத்துத் தகராறு நீதிமன்றம் வந்தது. மகள் வயிற்றுப் பேரன் தரப்புக்கு வாதத்தை எழுதிக் கொடுத்தவர் இசேயஸ். அதில் முக்கியமான சாட்சியம் என்ன தெரியுமா? க்டேசியோஸுக்குப் படைக்கும்போது தாத்தா அடிமைகளையும் வெளியாட்களையும் உள்ளே விட மாட்டார், எல்லாம் தன் கையாலேயே செய்வார், ஆனால் நாங்கள் கூட நின்று பலியின்மேல் கை வைத்தோம், அதனால் நாங்கள்தான் வாரிசு. பூஜையில் யார் நின்றார்கள் என்பதே பத்திரம் மாதிரி.

இதை வைத்து "பல தெய்வம் இருந்தால் சண்டை இருக்காது" என்று பதிவு போடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பொ.ஆ.மு. 399இல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்ததும் இதே ஊர்தான், நகரத்துத் தெய்வங்களை ஏற்கவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதற்காக எப்போதும் பயபக்தியோடு திரிந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மாதம் பிறக்கும் நேரத்தில் ஹெகேட் என்ற பெண் தெய்வத்துக்கு முச்சந்தியில் சோறு வைப்பார்கள். பணக்காரர்கள் அனுப்புகிற அந்தச் சாப்பாட்டைக் கீழே வைப்பதற்கு முன்பே ஏழைகள் பிடுங்கிக்கொண்டு போவதாக அரிஸ்டோஃபனீஸ் நாடகத்திலேயே கிண்டல் இருக்கிறது, பார்த்த ஜனங்களும் சிரித்திருப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டொடோனா. வடமேற்கு கிரீஸில் ஜீயஸின் குறிகேட்கும் தலம், மக்கள் சின்ன ஈயத் தகட்டில் கேள்வியைக் கீறிக் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. லிசானியாஸ் என்பவர் அன்னிலா வயிற்றில் வளரும் பிள்ளை தன்னுடையதுதானா என்று கேட்கிறார். அகிஸ் என்பவருக்குப் பிரச்சினை வேறு: போர்வையும் தலையணையும் காணவில்லை, வெளியாள் எவனாவது எடுத்திருப்பானா? அப்படியென்றால் வீட்டு ஆள்மேலேயே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது!